குழாய்க்குள் கட்டிய சுவர்

சின்னத் திரையில் அந்தச் சுவர் தெரிந்ததும் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கரண்டி மட்டும் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துக்கரண்டியைச் செருகியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கொத்தனார் இல்லை அவர். ரோட்டில் குழி விழுந்தால் ஜல்லி கொட்டித் தார் ஊற்றி அடைக்கிற கூலியாள். ஆனாலும் செருப்பில்லாமல் வேலைக்குப் போவாரே தவிர, கரண்டியில்லாமல் போக மாட்டார்.

"இது என்னம்மா, குழாய்க்குள்ள வீடு?" என்றான் தார் டின் தூக்குகிறவன்.

"மீனுக்கு வாடகைக்கு விட்டிருப்பாங்க. பாரு, விளக்கு வைக்க மாடம் வேற."

"மீன் இல்லடா, நண்டு. மாமியாரோட ஒத்துப்போகலை. குறுக்கே சுவர் வச்சுத் தனிக்குடித்தனம் போயிடுச்சு."

அளவுக்காரம்மா சிரிக்கவில்லை. கடல் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து வந்தவள் அவள். ஒரு மாதமாகத் தண்ணீரின் சூடு, உப்பு, ஓட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்ததால் ஆட்கள் வைத்த பெயர் அது. அன்று காலை தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், கேமரா கட்டிய ஒரு குட்டி வண்டியை ரோட்டுக்கு அடியில் போகும் பெரிய குழாய்க்குள் உருட்டிவிட்டிருந்தாள். இருபதடிக்கு மேல் போய் வண்டி முட்டி நின்றது. எதிரே செங்கல் சுவர். வழுவழுவென்று பூச்சு. நடுவில் ஒரு விளக்கு மாடம். மாடத்தைச் சுற்றி அரைவட்டமாகச் சிப்பிகள் பதிந்திருந்தன.

விரிகுடாவின் குறுக்கே கல்லையும் மண்ணையும் கொட்டிப் போட்ட ரோடு அது. அக்கரைக்குச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள், குறுக்கே போனால் பத்து நிமிஷம். அதனால் எல்லோர் வாயிலும் அது குறுக்கு ரோடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம், மூன்று புறமும் நிலம் வளைத்த உள்கடல். முன்பு கடல் ஏறும்போது நடு ஓடை வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது பழைய தண்ணீர் வெளியே போகும். அந்த ஓடை இருந்த இடத்தில்தான் பெரிய குழாயை வைத்தார்கள். இரண்டு ஓரத்திலும் சின்னக் குழாய்கள் உண்டு. அவை ஒப்புக்குச் சப்பாணி. பெரிய குழாய் ஏன் வேலை செய்யவில்லை என்று இத்தனை காலம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"வியாழக்கிழமை கான்கிரீட் லாரி வருது," என்றார் மேஸ்திரி. "குழாய்க்கு மேல ரோடு ஒரு சாண் இறங்கிப் போச்சு. ரெண்டு வாயையும் அடைச்சுட்டு மேலே நிரவச் சொல்லி உத்தரவு. எப்படியும் செத்த குழாய்தானே."

"அடைச்சுட்டா உள்கடலும் செத்துரும் மேஸ்திரி. வெறும் சுவர்னா உடைச்சுடலாமே."

"அப்ப உடைங்க."

"எப்படி உடைக்கிறது? எதுக்குக் கட்டினாங்கன்னே தெரியலையே. அந்தப் பக்கம் குழாய் நொறுங்கி, மண்ணு சரியாம இருக்கக் கட்டினதா இருந்தா? ஒரு ஆளை உள்ள அனுப்பி, மொத்த ரோடும் அவர் தலையில விழுந்தா? வெளிவாய்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம்னா அங்க அலைக்குப் பாறை கொட்டி வச்சிருக்கு. இடுக்குல தண்ணி போகும், என் வண்டி போகாது." அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "காகிதத்துல இந்தச் சுவரே இல்ல. அப்ப இங்க வேலை செஞ்ச யாராவது சொன்னாத்தான் உண்டு."

மேஸ்திரி திரும்பினார். "கரண்டி, நீ அப்ப இருந்தவன்தானே?"

"நான் கல்லு சுமந்தேன்," என்றார் கரண்டி. "குழாய் இறக்குறப்ப நான் இங்க இல்லை."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவரை அன்று முழுக்க அறுத்தது.

வேலை முடிந்து உள்கடல் ஓரமாகவே வீட்டுக்கு நடந்தார். முட்டை அழுகின மாதிரி நாற்றம். தண்ணீர் மேல் பாசி, ஆறின பாலில் ஆடை படிந்தது போல. சனிக்கிழமை அளவுக்காரம்மா ரோட்டின் இரண்டு பக்கமும் பத்துப் பத்து ஆரஞ்சுப் பழங்களை வீசியிருந்தாள். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பழம் சொல்லுமாம். கடல் பக்கம் போட்ட பழங்கள் அன்றைக்கே கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டன. உள்பக்கம் போட்டவை திங்கட்கிழமை சாயங்காலமும் போட்ட இடத்திலேயே, பூஞ்சை பிடித்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

கரண்டி அந்தப் பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. குழாய் என்றால் ஒரே நீளமாக வராது. ஆள் குனிந்து நிற்கிற உயரம், எட்டடி நீளம், கான்கிரீட் உருளைகள். ஒன்றோடொன்றை முட்டிப் போட்டால்தான் குழாய். ரோடு கடலுக்குள் நீண்டு வரும் வரைக்கும் உருளைகள் மாதக்கணக்கில் மணலில் கிடந்தன. வேலைக்கு வந்த குடும்பங்கள் சும்மா விடுமா? ஆளுக்கொரு உருளையில் குடிபுகுந்துவிட்டன. முன்வாயில் சாக்குப்படுதா, பின்வாயில் சாக்குப்படுதா, நடுவில் குடித்தனம்.

அவருக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஒரு வருஷம். மனைவி ஆறு மாதக் கர்ப்பம். "யோவ், இது வீடா, புல்லாங்குழலா? கடல்காத்து இந்தக் காதுல பூந்து அந்தக் காதுல வருது. காது குத்துது," என்று தினமும் பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் கிடந்த செங்கல்லைப் பொறுக்கி, கொத்தனாரிடம் கெஞ்சிச் சாந்து வாங்கி, கடல் பார்த்த பக்கத்தை அடைத்துச் சுவர் எழுப்பினார். கொத்தனார் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட காலம். நூல் பிடித்துக் கட்டினார். கொத்தனாரே வந்து பார்த்து, "டேய், இது மாசக்கணக்குக் குடித்தனத்துக்குக் கட்டின மாதிரி தெரியலையே," என்று சொல்லிவிட்டுப் போனார். மாடம் வைத்தார். ஈரம் காய்வதற்குள் மனைவி சிப்பிகளைக் கொண்டுவந்து சுற்றிலும் பதித்தாள். ஒன்று வழுக்கித் தலைகீழாக ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் பூச்சு பெயரும் என்று அப்படியே விட்டார்கள்.

அவளுக்கு வலி எடுத்த அன்று மண் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலாம் நாள் பெண் குழந்தையோடு திரும்பினால், மணலில் ஒரு உருளைகூட இல்லை. எல்லாம் கடலுக்குள் இறங்கி, மேலே மண்ணும் விழுந்துவிட்டது. அவர்களுடைய சட்டி பானை, பாய், துணிமூட்டை மட்டும் மணலில் வரிசையாக இருந்தன. காற்றில் பறக்காமல் பாயின் மேல் ஒரு கல்கூட வைத்திருந்தார்கள். உடைசல் சட்டியையே இவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்தவர்கள் சுவரை உடைக்காமலா போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. கையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

கிரேன்காரர்கள் என்ன நினைத்தார்களோ. அவ்வளவு நேராக இருந்த சுவரைப் பார்த்து, இது ஏதோ எஞ்சினியர் சொல்லிக் கட்டியதாக்கும் என்று நினைத்திருக்கலாம்.

நடுவில் ஒருமுறை, உள்கடலில் மீன் செத்து மிதந்த வருஷம், அவருக்குள் ஒரு முள் குத்தியது. சேச்சே என்று உதறிவிட்டார். அந்தச் 'சேச்சே'யை நினைக்கத்தான் இப்போது கூச்சமாக இருந்தது.

வீட்டில் மனைவி அடுப்படியில் முக்காலி போட்டு, வெந்நீர் வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். உள்கடலில் மட்டி பொறுக்குகிறவள். ஒரு காலத்தில் காலை வெயில் ஏறும் முன்னே அவள் சட்டி நிறைந்துவிடும். அப்போது அடியில் கடல்புல் மெத்தை மாதிரி இருக்கும், காலால் தடவினாலே மட்டி தட்டுப்படும். இப்போது புல் அழுகிக் கறுப்புச் சேறாகிவிட்டது. நாள் பூராவும் துழாவினாலும் சட்டியின் அடி மறையாது. கால் மட்டும் வெந்து சிவந்து வரும்.

"இன்னிக்கு எத்தனை தெரியுமா? பதினாலு. அதுல நாலு செத்தது," என்றாள். "எந்தப் படுபாவி அந்த ரோட்டைப் போட்டானோ. அட, மறந்துட்டேன். நீயும் கல்லு சுமந்தவன்தானே."

வழக்கமான கிண்டல்தான். வழக்கமாக அவரும் ஏதாவது சொல்லுவார். அன்று வாசற்படியில் உட்கார்ந்து கரண்டியை இடுப்பிலிருந்து உருவிக் கீழே வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அது தூங்கும்போது மட்டும் செய்கிற காரியம்.

"நம்ம சுவரு," என்றார். "குழாய்க்குள்ள அப்படியே இருக்கு. இன்னிக்குப் பார்த்தேன்."

"எந்தச் சுவரு?"

"காது குத்துதுன்னியே."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காலை வாளியிலிருந்து எடுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றாள்.

"மாடமுமா?"

"மாடமும் இருக்கு. சிப்பியும் இருக்கு."

"அப்போ..." என்று தொடங்கி நிறுத்தினாள். "இத்தனை வருஷமா என் வாயில மண்ணு போட்டது என் வீட்டுச் சுவரா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. ஒரு மாதிரி சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"இல்லை. வியாழக்கிழமை கான்கிரீட் ஊத்துறாங்களாம். பின்னால என்ன இருக்குன்னு தெரிஞ்சா உடைப்பாங்களாம்."

"பின்னால என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அடுத்த உருளை. அதுல நம்ம பக்கத்து வீட்டுக்காரன் குறட்டை விட்டான். அவ்வளவுதான்."

"இது தெரிஞ்ச ஒரே ஆளு நீ. வாயை மூடிக்கிட்டு வந்திருக்கே."

"வேலை போயிடும். அதை விடு. உன்கூட மட்டி பொறுக்குறவங்க என்னை உயிரோட உரிச்சிடுவாங்க."

"உரிக்கட்டும். நான் அவங்க நடுவுல தினமும் நிக்கிறேன். நீ ஒரு நாள் நில்லு." துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நீ சொல்றியா, இல்லை நான் வந்து சொல்லட்டுமா? நான் சொன்னா உன் பெயரும் சேர்ந்துதான் வரும். சிப்பி ஒட்டினது நான்தானே."

செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் வருவதற்கு முன்னே போய்ச் சொல்லிவிடலாம் என்று சீக்கிரம் கிளம்பினார். எல்லோரும் அன்றைக்கென்று சீக்கிரம் வந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

மேஸ்திரி முதலில் நம்பவில்லை. "வியாழக்கிழமை கான்கிரீட் சுமக்கச் சோம்பல்பட்டு கதை விடுறியா?"

"மாடத்தைச் சுத்திப் பதினோரு சிப்பி," என்றார் கரண்டி. "இடது பக்கம் கடைசிக்கு முந்தினது தலைகீழா இருக்கும்."

அளவுக்காரம்மா படத்தை ஓடவிட்டு நிறுத்தினாள். எல்லோரும் தலையை நுழைத்து எண்ணினார்கள். ஒன்பது சிப்பி இருந்தது. இரண்டு விழுந்து, பூச்சில் தடம் மட்டும் இருந்தது. இடது பக்கம் கடைசிக்கு முந்தினது தலைகீழ்.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. தார் டின்காரன் மட்டும் மெல்லச் சொன்னான்: "அப்ப நண்டு நீதானா அண்ணே?"

அதற்குப் பிறகு அளவுக்காரம்மா கேள்வியாகக் கேட்டாள். எத்தனை கல் கனம், எந்த இடம் மெலிவு, சாந்து எப்படி, குழாயில் அப்போது விரிசல் இருந்ததா. கரண்டி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அதைப் போலத் தெளிவாக அவர் வாழ்நாளில் எதற்கும் பதில் சொன்னதில்லை. ஒரு கல் கனம். மாடத்துக்குப் பின்னால் மட்டும் அரைக்கல். சாந்து நல்ல சாந்து.

"மோசமாக் கட்டியிருந்தீங்கன்னா தண்ணியே எப்பவோ உடைச்சிருக்கும் அண்ணே," என்றாள் அவள்.

"அதான் என் தலையெழுத்து. நான் ஒழுங்காக் கட்டினது அது ஒண்ணுதான்."

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நெடுநேரம் கழித்து வந்தார். "புதன்கிழமை வரைக்கும் டயம். உடைச்சு, குழாய் நல்லா இருக்குன்னு இந்தம்மா எழுதிக் கொடுத்தா, லாரிக் கான்கிரீட்டை மேலே பள்ளத்துக்கு மட்டும் போடலாம். இல்லைன்னா ரெண்டு வாயும் மூடிடும்." பிறகு கரண்டியைப் பார்த்தார். "உன்னை என்ன செய்றதுன்னு யாரும் கேட்கலை. நானும் சொல்லலை. போய் வேலையைப் பாரு."

புதன்கிழமை வற்றத்துக்கு உள்வாய் முன்னால் மட்டி பொறுக்குகிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். மனைவி முன்னாடியே சொல்லிவிட்டிருந்தாள். கரண்டி வருவதைப் பார்த்ததும் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"வாய்யா மாப்பிள்ளை! புதுப் பொண்டாட்டிக்குக் காத்து படக்கூடாதுன்னு எங்க அத்தனை பேர் மூச்சையும் அடைச்சியா?"

"ஷாஜகான் கட்டினான், நீயும் கட்டினே. அவன் ஊருக்கு வெளியே கட்டித் தொலைச்சான்."

"என் ரெண்டு மகனும் மட்டி இல்லைன்னு மூட்டை தூக்கப் போனானுங்க. அவனுங்க முதுகுக்கு என்ன சொல்லப்போறே?"

கடைசியில் கேட்டவள் சிரிக்கவில்லை. கரண்டி அவளுக்கு முன்னால் நின்றார். "சொல்ல ஒண்ணும் இல்லை அக்கா," என்றார். "மறந்துட்டேன். கேட்காம விட்டுட்டேன். அது பெரிய தப்பு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "போ. போய் உடை," என்றாள். அது போதுமாக இருந்தது.

கடல் நன்றாக வற்றி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்து நின்ற நேரம். அளவுக்காரம்மா அதற்காகவே காத்திருந்தாள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் சுவர் விழும்போது ஆளையும் அடித்துக்கொண்டு போகும். குழாய்க்குள் விசிறி வைத்துக் கெட்ட காற்றைப் போக்கினாள். கரண்டியின் இடுப்பில் கயிறு கட்டினாள், தலையில் விளக்கு மாட்டினாள். இடுப்பிலிருந்த கொத்துக்கரண்டியை மட்டும் கழற்றச் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

குனிந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். ஒன்றாவது உருளை, இரண்டாவது உருளை. இணைப்புகளைக் கையால் தடவிப் பார்த்தார், விரிசல் இல்லை. மூன்றாவதில் காலடி வைத்ததும், சாக்குப்படுதா இருந்த இடத்தில் அவரை அறியாமல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். உடம்பு மறக்கவில்லை.

சிப்பிகளை முதலில் எடுத்தார். அதற்குத்தான் கரண்டி. முனையை விட்டு நெம்ப, ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தது. ஒன்பதையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மாடத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கினார். முதல் அடிக்குச் சுவர் 'போடா' என்றது. பத்தாவது அடிக்கும் அதையேதான் சொன்னது. கை மரத்துப் போனது. "எவன்டா இதைக் கட்டினான்!" என்று கத்தினார். குழாய் முழுக்க எதிரொலித்தது. வெளியே நின்ற பெண்கள் சிரிப்பது காதில் விழுந்தது.

அரைக்கல் உடைந்தது. கை நுழைகிற ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது. குளிர்ந்த, உப்புப் பிசுக்கான கடல்காற்று, நேராக முகத்தில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னே எதை உள்ளே விடக்கூடாது என்று சுவர் கட்டினாரோ அதே காற்று. கரண்டி வாயைத் திறந்து அதை விழுங்கினார். பிறகு ஓட்டையின் விளிம்பில் கடப்பாரையை மாட்டி, கல் கல்லாகப் பெயர்த்தார்.

தண்ணீருக்கு அடியில் இருந்த வரிசைதான் உயிரை வாங்கியது. அளவுக்காரம்மா கயிற்றை இருமுறை இழுத்துவிட்டாள். கடல் திரும்புகிறது, வெளியே வா என்று அர்த்தம். கடைசி வரிசையில் நாலு கல் மிச்சம். மூன்றாவது முறை கயிறு இழுபட்டது. காலால் எட்டி மிதித்தார். அது சரிந்தது. அவர் திரும்பி நடக்கும்போது தண்ணீர் பின்னாலிருந்து முழங்காலைத் தள்ளியது, சும்மா நடடா என்பது போல.

வெளியே வந்து சேற்றில் உட்கார்ந்தார்.

அளவுக்காரம்மா போனில் மேஸ்திரியிடம், "போடுங்க," என்றாள். ரோட்டின் மறுபக்கம், பாறைகள் மேல் நின்றிருந்த மேஸ்திரி மூன்று ஆரஞ்சுப் பழங்களைப் பாறை இடுக்கில் போட்டார். உள்வாய் முன்னால் எல்லோரும் குழாயைப் பார்த்து நின்றார்கள். முதலில் கறுப்புத் தண்ணீர் வந்தது, நாற்றத்தோடு. அழுகின புல் வந்தது. செங்கல் தூள் கலந்து சிவப்பாகக் கொஞ்சம் வந்தது. பிறகு நிறம் வெளுத்தது.

"குழாய் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துடுறேன், வாயை மூட மாட்டாங்க. ஆனா இது ஒண்ணே போதும்னு நினைச்சுடாதீங்க," என்று அளவுக்காரம்மா பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரோடு ரோடுதான். குழாய் ஒண்ணு. புல் திரும்ப வர ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். ஆனா தண்ணி ஓடினா என்ன மாறுதுன்னு நான் அளந்து காட்டினா, இன்னும் ரெண்டு இடத்துல வெட்டிப் பாலம் போடச் சொல்லிக் கேட்கலாம். கையில நம்பர் இல்லாம கேட்டா எவனும் கேட்க மாட்டான்."

"பழம் வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒன்று வந்தது. ஆடி ஆடி, குழாய் வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, பாசியை இரண்டாகப் பிளந்துகொண்டு உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது வரவில்லை. எங்கேயோ பாறையில் மாட்டிக்கொண்டது. அது பரவாயில்லை என்று சொல்லி, அளவுக்காரம்மா நேரத்தை எழுதிக்கொண்டாள். பூஞ்சை பிடித்த பழைய பழங்கள் நாலு நாளாகக் கிடந்த இடத்தைவிட்டு மெதுவாக நகர ஆரம்பித்தன. மூட்டை தூக்கும் மகன்களின் அம்மா தண்ணீரில் இறங்கி, உள்ளங்கையை ஓட்டத்தில் வைத்து அப்படியே நின்றாள்.

மனைவி ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். இரண்டாவது பழம் அவள் பக்கம் வந்தது. எடுத்துத் துடைத்து நகத்தால் தோலைக் கீறினாள்.

"ஐயோ அக்கா, உரிக்காதீங்க! அது ஆராய்ச்சி!" என்று அளவுக்காரம்மா ஓடினாள்.

"நேரம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்..."

"அப்புறம் என்ன? இவ்வளவு தூரம் என் வீடு வழியா வந்திருக்கு. விருந்தாளியைச் சும்மா அனுப்ப முடியுமா?"

பாதியைப் பிய்த்து, சேற்றில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் நீட்டினாள். அவர் ஈரக் கையால் வாங்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சிப்பிகளை எடுத்து அவள் சட்டியில் போட்டார். ஒன்பது. அடி மறையவில்லை.

குழாய் வாயிலிருந்து காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. மனைவி முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"யோவ்," என்றாள், "காது குத்துது."

"குத்தட்டும்," என்றார் கரண்டி.